எழுபத்தொரு நாள் வாழைமரம்

ஒரு வேலையைப் படிப்படியாகப் படத்தில் காட்டும் படஅட்டை தயாரிப்பது எப்படி என்று நான்கு பக்கம் எழுதித் தரும்படி, புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். அதை எழுதப் போவதில்லை. எந்த அளவில் அச்சடிப்பது, ஒரு வேலைக்கு எத்தனை படம் வைப்பது என்பதையெல்லாம் மூன்று நாள் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நன்றாகவே சொல்லித் தருவார்கள். அதற்குப் பதிலாக, நான் தயாரித்த ஐந்து அட்டைகள் திருமுடிவாக்கத்தில் ஒரு தொழிற்கூடத்தை மூன்று மாதம் என்ன பாடு படுத்தின என்று எழுதுகிறேன். நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நேரங்கள் எல்லாம் சரியாக இருக்கும். நான் நடந்துகொண்டதுதான் சரியாக இருக்காது.

இரும்புலியூரில் நம் மையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பள்ளி வயதைக் கடந்ததும் நம்மிடம் வருகிறார்கள். பேருந்தில் ஏறி இறங்க, கடையில் கேட்டு வாங்க, ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கப் பழக்குகிறோம். பிறகு ஒரு நிறுவனத்தைப் பிடித்து, அங்கே சேர்த்துவிட்டு, சில மாதம் நாமும் கூடவே நிற்கிறோம். இதில் கடினமான பகுதி அந்தக் கடைசிப் பகுதிதான். எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது.

முதலில் ஒரு விதி எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன்; இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. சேலையூரில் ஒரு பேக்கரியில் நம் இளைஞர் ஒருவரைச் சேர்த்திருந்தேன். 'பிஸ்கட் தட்டுகளைச் சுவரோரம் உள்ள ஸ்டாண்டில் மேலிருந்து கீழாக அடுக்கு' என்பது அவருடைய அட்டை. ஒரு நாள் சுவருக்கு வர்ணம் அடிப்பதற்காக ஸ்டாண்டை நகர்த்தி, அந்த இடத்தில் ஏணியை நிறுத்தியிருந்தார்கள். ஏணிக்கும் படிகள் இருந்தன. நம்மவர் மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை ஏழு தட்டுகளை அழகாக அடுக்கிவிட்டார். ஏணியின் உச்சியில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர், "தம்பி, நான் எப்படிப்பா எறங்குறது?" என்று கேட்டிருக்கிறார். "அது என் கார்டுல இல்லண்ணா" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். நான் போய்ச் சேரும்வரை நாற்பது நிமிடம் அந்த மனிதர் கூரையோடு ஒட்டிக்கொண்டு, தூரிகையில் இருந்த வர்ணம் காயாமல் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை இந்த விதியை எழுதினேன்: 'அட்டையில் இருப்பது போல இல்லையென்றால் நில். வாயைத் திறந்து சொல். யாராவது பதில் சொல்லும்வரை காத்திரு.' சிவப்பு எழுத்தில் அச்சடித்துப் பயிற்சி அறையில் ஒட்டினேன். நல்ல விதி. இன்னும் அங்கேதான் இருக்கிறது, கழற்ற வேண்டாம்.

இனி பிரவீனுக்கு வருகிறேன்.

பிரவீனுக்கு அப்போது இருபத்தாறு வயது. முடிச்சூரில் வீடு. குறைவாகப் பேசுவார், பேசினால் முழு வாக்கியமாகப் பேசுவார். அதற்கு முன் மூன்று இடங்களில் வேலைக்கு வைத்து மூன்றிலும் அனுப்பிவிட்டார்கள். ஒரு துணிக்கடையில், புடவையை விரித்துப் பார்த்த அம்மாவிடம், "இது உங்களுக்கு நல்லா இல்ல, நேத்து வந்தவங்களுக்கும் நல்லா இல்ல" என்று சொன்னார். மற்ற இரண்டு இடங்களில் காரணமே சொல்லவில்லை. நான்காவது முயற்சிக்கு முன்பு அவருடைய அம்மா மையத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மிஸ், இதுவும் போச்சுன்னா அவங்கப்பா இனிமே எங்கயும் அனுப்ப வேணாம்னு சொல்லிட்டாரு. வீட்லயே இருக்கட்டும், டிவி பார்க்கட்டும், நம்ம இருக்கிற வரைக்கும் நாம பார்த்துக்கலாம்னு. இவன் அதைக் கேட்டுட்டான். மூணு நாளா சாப்பிடும்போதெல்லாம் 'நான் வேலைக்குப் போவேன்'னு மட்டும் சொல்றான்."

நான் நாட்குறிப்பில் 'கடைசி வாய்ப்பு' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அடிக்கோடு இட்ட நாளிலிருந்து என் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய தொழிற்கூடம் சம்மதித்தது. குழாய்களைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் கிளாம்புகளைச் செய்கிறவர்கள். பிரவீனுக்கு வேலை கடைசி மேஜையில்: ஒவ்வொரு கிளாம்பையும் பார்த்து, ஐம்பது ஐம்பதாக உறையில் போட்டு, மெஷினில் வைத்து ஒட்டி, எடை பார்த்து, பெட்டியில் அடுக்க வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதைப் பற்றிச் சொல்கிறேன் என்றார் முதலாளி. அந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். பேன்ட், டி-சர்ட், இடுப்பில் சாவிக்கொத்து.

படம் எடுக்க எப்போது வரலாம் என்று கேட்டேன். "மெஷின் ஓடுறப்ப குறுக்க நின்னு எடுத்தா ஆபத்து மிஸ். ஆயுத பூஜை அன்னைக்கு எல்லாம் நிக்கும். காலைல வந்து நிதானமா எடுத்துக்கோங்க" என்றார்.

போனேன். காலை 9.15 முதல் 11.40 வரை இருபத்து மூன்று படங்கள் எடுத்தேன். வெளிச்சம், கோணம், வரிசை எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். படங்களில் வேறு என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆயுத பூஜை நாளில் கேட்டில் வாழைமரம் கட்டியிருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. கட்டவில்லை என்றால்தான் தெரியும்.

ஆக, முதல் அட்டை: 'கேட் வழியாக உள்ளே போ.' கேட்டின் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம். நான்காவது அட்டை: 'முதலாளிக்கு வணக்கம் சொல்.' முதலாளி பட்டு வேட்டியில், நெற்றி நிறையத் திருநீறு. ஏழாவது: 'ஒட்டும் மெஷினை ஆன் செய்.' மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஒன்பதாவது: 'எடை பார்.' எடைத்தட்டின் மேல் ஓர் எலுமிச்சம்பழம். பதினான்காவது: 'பத்தரை மணி இடைவேளை.' காகிதத் தட்டில் பொரி, பொட்டுக்கடலை, ஒரு துண்டு வெல்லம்.

பிரவீன் நான்கு நாள் மையத்தில் இந்த அட்டைகளைப் படித்தார். அடுத்து வந்த திங்கட்கிழமை 8.10-க்கு நாங்கள் இருவரும் திருமுடிவாக்கத்தில் அந்தக் கேட்டின் முன் நின்றோம். பூஜை வாழைமரத்தை வெள்ளிக்கிழமையே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

பிரவீன் அட்டையைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். நின்றார்.

"மிஸ், வாழைமரம் இல்ல."

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் இருதயராஜ் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, காதில் பென்சில்.

"இன்னா மிஸ், தம்பி ஏன் வெளிய நின்னுகினு கீது?"

படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் பார்த்தார், சிரித்தார். "இதுக்கா? நம்ம போன்லயே வேற போட்டோ புடிச்சு ஒட்டிக்கலாமே மிஸ். அஞ்சு நிமிசம்."

இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்தத் துறையில் ஒரு நாள்கூடப் பயிற்சி எடுக்காத மனிதர், பார்த்த முதல் நிமிடத்தில் சரியான யோசனையைச் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்பது நாட்குறிப்பில் அப்படியே இருக்கிறது.

"அது அவ்வளவு சுலபமில்ல இருதயராஜ். பழகின அட்டையை நடுவுல மாத்தினா அவர் குழம்பிடுவார். ஒண்ணு மாறினா எல்லாம் போயிடும். மூணு மாசத்துக்கு எதையும் மாத்தக் கூடாது. இது சயின்ஸ்."

"சரி மிஸ், நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். குன்றத்தூர் பக்கம் போய் 9.05-க்கு இரண்டு வாழைமரத்தோடு வந்தார். ஒன்றை முதுகில் கட்டியிருந்தார், இன்னொன்றைப் பின்னால் உட்கார்ந்த வாட்ச்மேன் கட்டிப்பிடித்திருந்தார். கட்டினார்கள். பிரவீன் பார்த்தார். "இப்ப சரியா இருக்கு" என்று சொல்லி உள்ளே போனார்.

நான் நிம்மதியில் அழுதுவிட்டேன். அதுவும் குறிப்பில் இருக்கிறது.

உள்ளே நான்காவது அட்டை காத்திருந்தது. முதலாளி டி-சர்ட்டில் உட்கார்ந்திருந்தார். பிரவீன் அவர் முன்னால் நின்று, "சார், வேட்டி இல்ல" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கண்களால் கெஞ்சினேன். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய்க் கட்டிக்கொண்டு வந்தார். ஏழாவது அட்டைக்கு அவர் வீட்டிலிருந்தே சந்தனமும் குங்குமமும் வந்தன. அன்று பிரவீன் வேலையைத் தொடங்கியபோது மணி 10.20. பத்து நிமிடத்தில் இடைவேளை, பொரி இல்லை.

அடுத்த நாள் காலை சீக்கிரமே போய் ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு பக்க அறிவுரைத் தாள் கொடுத்தேன். அதில் ஆறாவது குறிப்பு: 'பரவாயில்லை, சும்மா வா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ போன்ற தெளிவற்ற சொற்களை இவரிடம் சொல்லக் கூடாது.' பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். எல்லோரும் மிகுந்த மரியாதையோடு படித்தார்கள். எழுபத்தொன்றாவது நாள் வரை அதைக் கடைப்பிடித்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. வாட்ச்மேன் 7.45-க்கு வாழைமரம் கட்டுவார். 8.10-க்குப் பிரவீன் வந்து பார்த்து, 'சரியா இருக்கு' என்று சொல்லி உள்ளே போவார். 8.40-க்கு ஒரு பசுமாடு வந்து வாழைமரத்தைத் தின்னும். எந்த மாட்டுக்கு யார் சொன்னார்களோ, மூன்றாவது வாரத்தில் நான்கு மாடுகள் 8.40-க்கு வந்தன. அதனால் தினமும் புது மரம். முதலாளி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "எங்க தாத்தா வாழைத் தோப்பை வித்துதான் மிஸ் இந்த ஷெட்டே போட்டோம். இப்ப தினமும் வாழைமரம் வாங்கிட்டு இருக்கேன்."

அவர் காலை எட்டு மணிக்குப் பட்டு வேட்டியில் வந்து, பிரவீனின் வணக்கத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே போய்ப் பேன்டுக்கு மாறுவார். அவர் மனைவிக்குச் சந்தேகம் வந்து ஒரு நாள் பின்னாலேயே வந்து பார்த்தார் என்று கேள்விப்பட்டேன்.

மெஷினுக்குச் சந்தனம் வைக்கும் பொறுப்பு இருதயராஜுக்கு வந்தது, ஏனென்றால் காலையில் முதலில் வருபவர் அவர்தான். "மிஸ், நான் ஞாயித்துக்கெழமை தவறாம பூசைக்குப் போற ஆளு. வாரம் ஆறு நாளு இங்க மெஷினுக்குப் பொட்டு வெச்சுகினு கீறேன். கையில மஞ்சா போவ மாட்டேங்குது. எங்க ஃபாதர் கைய புடிச்சுப் பார்த்தாருன்னா பேஜாராப் பூடும்" என்பார். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. பொட்டின் வட்டம் படத்தில் உள்ள அளவுக்கே இருக்க வேண்டும் என்று ஒரு பாட்டில் மூடியை வைத்து அளந்து வைப்பார். நவம்பர் மழையில் சாலையில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு நாள், அவர் ஒரு கையில் வாழைமரமும் இன்னொரு கையில் சாமந்தி மாலையுமாக நடந்தே வந்ததை என் கண்ணால் பார்த்தேன். கல்யாண வீட்டைத் தேடித் தொலைந்துபோனவர் போல இருந்தார்.

பொரி விஷயத்தில் மட்டும் முணுமுணுப்பு. இடைவேளையில் ஒருவர் டீ குடித்து ஒருவர் பொரி தின்றால் பிரவீன் தனித்துத் தெரிவார் என்று நான் சொன்னதால், பதினொரு பேரும் டீயை விட்டுவிட்டுப் பொரி தின்றார்கள்.

ஒரு மாதம் கழித்து எதிர் ஷெட்டிலும் வாழைமரம் முளைத்தது. அங்கே ஸ்பிரிங் செய்கிறார்கள். அந்த முதலாளி என்னை ஓரமாக அழைத்து, "மேடம், இவங்களுக்கு எந்த ஜோசியர் சொன்னாரு? எங்களுக்கும் ஆர்டர் டல்லாதான் இருக்கு" என்றார். நான் பயிற்சியாளர் என்று சொன்னேன். அவர் அதைப் பரிகாரத்தில் ஒரு வகை என்று எடுத்துக்கொண்டார். பொங்கலுக்குள் அந்தத் தெருவில் ஐந்து கேட்டுகளில் வாழைமரம். மாடுகளின் எண்ணிக்கையை நான் குறித்துவைக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் பிரவீன் மிக நன்றாக வேலை செய்தார். ஓரத்தில் பிசிறு இருந்தால் விரல் நுனியிலேயே கண்டுபிடித்துத் தனியாக வைப்பார். அவர் ஒட்டிய உறை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவர் அம்மாவிடம் தினமும் மாலை போனில் சொல்வேன். 'நாளைக்கும் போவான்ல மிஸ்?' என்பதுதான் தினமும் அவர் கேட்கும் கேள்வி.

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். கிளாம்புகளை வாங்கும் பெரிய நிறுவனத்திலிருந்து தரம் பார்க்கும் அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. அடுத்த ஆண்டுக்கான ஆர்டர் அந்த ஆய்வைப் பொறுத்தது. முதலாளி மதியம் என்னை அழைத்தார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. அந்தம்மா வர்ற அன்னைக்கு மட்டும் பிரவீனை வீட்ல இருக்கச் சொல்லிடுங்க. மெஷின்ல மாலை, எடை போடுற தட்டுல எலுமிச்சம்பழம், நான் மாப்பிள்ளை மாதிரி வேட்டி... இதைப் பார்த்தா ஆர்டர் தருவாங்களா?"

நியாயமான கேள்வி. ஆனால் பிரவீனிடம் 'நாளைக்கு வர வேண்டாம்' என்ற வாக்கியத்தை இதற்கு முன் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். மூன்று முறையும் அது ஒரு நாளோடு முடியவில்லை. நான் நாலாவதாகச் சொன்னால் அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார், அவர் அப்பா எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

"சார், அவங்க எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"ஒன்பதரை."

"அப்ப 8.10-க்கு எல்லாம் கட்டியிருக்கட்டும். பிரவீன் உள்ள வந்து மெஷினை ஆன் பண்ணி உட்கார்ந்ததும் 8.25-ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்துடலாம். அவர் ஒரு தடவை உட்கார்ந்துட்டா தலை நிமிர மாட்டார். 9 மணிக்குள்ள எல்லாம் சுத்தம்."

யார் எதை எப்போது எடுப்பது என்று நிமிட வாரியாக ஒரு பட்டியல் போட்டேன். இருதயராஜ் அதைப் படித்துவிட்டு, "கொள்ளக்காரன்கூட இவ்ளோ பிளான் போட மாட்டான் மிஸ்" என்றார்.

ஆய்வு நாள் காலை 7.50. வாட்ச்மேன் ஒரு பக்க வாழைமரத்தைக் கட்டிவிட்டார். இன்னொன்றைக் கட்ட ஆள் போதவில்லை என்று முதலாளியே பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏணியில் நின்றார். இருதயராஜ் படியில் உட்கார்ந்து சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கையில் மாலையும் ஒரு கையில் எலுமிச்சம்பழமுமாக நின்றேன். ஒரு கார் வந்து நின்றது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் இறங்கினார்.

"குட் மார்னிங். நாவலூர்ல இருந்து வர்றேன். டிராஃபிக் இருக்கும்னு சீக்கிரம் கிளம்பினேன், ரோடு காலியா இருந்துச்சு" என்றவர் வாழைமரத்தைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். "சாரி, ஃபங்ஷனா? யாருக்குக் கல்யாணம்?"

முதலாளி ஏணியில் நின்றபடியே மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எதிர் ஷெட்டில், பக்கத்து ஷெட்டில் எல்லாம் மரம் நிற்பதையும் அந்த அதிகாரி கவனித்துவிட்டார். "தெருவே கொண்டாடுதா?"

பொய் சொல்ல எனக்கு ஒரு நொடி அவகாசம் இருந்தது. தலைக்குள் இரண்டு பொய்கள் தயாராகவும் இருந்தன. ஆனால் 8.10-க்குப் பிரவீன் வருவார். அவர் முன்னால் எந்தப் பொய்யும் நிற்காது. அதனால் அந்த அம்மாவை ஓரமாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். ஆட்டிசம் என்றால் என்ன, மாற்றம் ஏன் கடினம், படம் எப்படித் தவறாக விழுந்தது, வேட்டி, பொரி, மாடு. அவர் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடித்ததும், "மூணு மாசமாவா?" என்றார்.

"இன்னையோட எழுபத்தொரு நாள்."

சரியாக 8.10-க்குப் பிரவீன் வந்தார். அட்டையைப் பார்த்து, கேட்டைப் பார்த்தார். "ஒரு பக்கம் மரம் இல்ல" என்றார். இரண்டாவது மரம் இன்னும் முதலாளியின் கையில்தான் இருந்தது.

முதலாளி அவசரமாகக் கயிற்றை இறுக்கினார். அதற்குள் அந்த அதிகாரி பிரவீன் அருகில் போனார். தடுக்க நான் ஓடினேன். நான் ஏணியைத் தட்டிவிடப் போகிறேன் என்று முதலாளி மேலிருந்து கத்தினார்.

"பிரவீன், ஒண்ணு கேட்கலாமா? இந்த வாழைமரம் உங்களுக்கு வேணுமா?"

"வேணாம் மேடம்."

ஏணியில் முதலாளி கயிற்றை இறுக்குவதை நிறுத்தினார்.

"அப்புறம் ஏன் தினமும் கேட்கிறீங்க?"

"நான் கேட்கல. இல்லன்னு சொல்றேன். கார்டுல இருக்கிற மாதிரி இல்லேன்னா நின்னு சொல்லணும். யாராவது பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும். அது ரூல். நான் சொன்னா இவங்க போய் மரம் வாங்கிட்டு வந்துடுவாங்க. கம்பெனிக்கு அது வேணும்போலன்னு நெனச்சேன்."

"மரம் இல்லேன்னா உள்ள போவீங்களா?"

"'பரவாயில்ல, வா'ன்னு யாராவது சொன்னா போவேன். யாரும் சொல்லல."

என் அறிவுரைத் தாளின் ஆறாவது குறிப்பு, அலுவலகச் சுவரில் லேமினேட் செய்து மாட்டப்பட்டிருந்தது.

அந்த அதிகாரி சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "எலுமிச்சம்பழம்?"

"அது தட்டுல இருந்தா எடை தப்பா வரும். எடுத்துக் கீழ வெச்சுட்டு எடை போடுவேன். அப்புறம் திரும்ப மேல வெச்சுடுவேன். இருதயராஜ் அண்ணன் கஷ்டப்பட்டு வெச்சிருக்காரு."

"சார் வேட்டி?"

பிரவீன் ஏணியை நிமிர்ந்து பார்த்தார். "அது அவர் இஷ்டம்."

முதலாளி இறங்கினார். "பரவாயில்ல பிரவீன், வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பேன்ட் மாற்றிக்கொண்டு வந்தார். பிரவீன் வழக்கம்போல, "வணக்கம் சார்" என்றார். எதுவும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. இருதயராஜ் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "அன்னிக்கே சொன்னேன், போட்டோவ மாத்தலாம்னு."

ஆய்வு நடந்தது. மதியம் கையெழுத்தான அறிக்கையில் ஒரே ஒரு குறை எழுதப்பட்டிருந்தது: 'எடைத்தட்டின் மீது எலுமிச்சம்பழம் வைப்பதைத் தவிர்க்கவும்.' ஆர்டர் கிடைத்தது.

அடுத்து வந்த சனிக்கிழமை முதலாளி பிரவீனைக் கூப்பிட்டு நிரந்தர வேலைக்கான கடிதத்தைக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். போனில் அவர் அம்மா காத்திருந்தார். பிரவீன் இரண்டு பக்கக் கடிதத்தையும் படித்தார், பதினான்கு நிமிடம். பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"யோசிச்சுத் திங்கட்கிழமை சொல்றேன் சார்."

மூன்று இடங்களில் வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர். கடைசி வாய்ப்பு. யோசிக்க வேண்டுமாம். முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன்பா, இங்க எதுனா குறையா?" என்று அவர் கேட்ட குரலை என்னால் மறக்க முடியாது. வேலை கேட்டு வந்தவர் குரல் அது. "திங்கட்கிழமை" என்றார் பிரவீன்.

ஞாயிறு காலை 11.05-க்கு அவர் அம்மாவின் அழைப்பு வந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"மிஸ், அவன் என்ன சொல்றான் தெரியுமா? அந்தக் கம்பெனில எல்லாரும் நல்லவங்கதானாம். ஆனா எல்லாம் ஒரே மாதிரி இருந்தாதான் அவங்களால வேலை செய்ய முடியுமாம். ஒரு மரம் இல்லேன்னாலும் ஓடுறாங்களாம், கத்துறாங்களாம், ஒரு நாள் மிஸ் அழுதுட்டாங்களாம். டீ பிடிச்சாலும் பொரிதான் திங்கிறாங்களாம். 'நான் மூணு மாசம் அட்ஜஸ்ட் பண்ணிட்டேன். வருஷம் பூரா முடியுமான்னு யோசிக்கிறேன்'ங்கிறான். அவங்கப்பா அந்த லெட்டரை மூணாவது தடவையா படிச்சுட்டு இருக்காரு."

நான் போனை வைத்துவிட்டு, அதை அப்படியே நாட்குறிப்பில் எழுதினேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் எழுதிய எந்த அறிக்கையிலும் இவ்வளவு துல்லியமான மதிப்பீடு இல்லை. எங்களைப் பொறுத்துக்கொண்டு எழுபத்தொரு நாள் ஒரு மனிதர் அமைதியாக வேலை பார்த்திருக்கிறார். அவரைப் பொறுத்துக்கொள்வதாக நாங்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தோம். நான் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க நாவலூரிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

உங்களுக்குச் சொல்ல நினைத்த பாடம் இவ்வளவுதான். இந்த மனிதர்களைப் பற்றி நிறையப் படிப்பீர்கள். படியுங்கள். படித்தது தலைக்குள் வந்து உட்கார்ந்ததும், எதிரில் இருப்பவரிடம் கேட்பது குறைந்துவிடும். அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை நான் 8 மணிக்கே போய்விட்டேன். கேட்டில் மரம் இல்லை, புதிதாக எடுத்து ஒட்டிய அட்டையிலும் இல்லை. 8.10-க்குப் பிரவீன் வந்தார், உள்ளே போனார். முதலாளியின் மேஜையில் கடிதத்தை வைத்தார். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சேர்றேன் சார். இப்ப நீங்க மாறிட்டீங்க."

முதலாளி எழுந்து நின்று கைகொடுத்தார். இருதயராஜ் கடைசி மேஜையின் நாற்காலியைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. நான் என் பையைத் திறந்து, அடுத்த ஆறு மாதத்துக்கு நான் வந்து பார்க்கவிருக்கும் நாட்களின் அட்டவணையைப் பிரவீனிடம் நீட்டினேன். வேலை நிரந்தரமான பிறகும் ஆறு மாதம் போய்ப் பார்ப்பது நம் மையத்தின் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க வர வேணாம் மிஸ்."

"ஆறு மாசம் வரணும் பிரவீன். அது ரூல்."

"அது உங்க ரூல். கம்பெனி ரூல் இல்ல. நீங்க வந்தா எல்லாரும் வேலையை விட்டுட்டு உங்களைப் பார்க்கிறாங்க. எனக்கு இன்னைக்கு நாப்பது பெட்டி இருக்கு."

சொல்லிவிட்டு மெஷினை ஆன் செய்தார். நான் இரண்டு நிமிடம் நின்றேன். அவர் நிமிரவில்லை. அட்டவணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, 8.35 தாம்பரம் பேருந்தில் ஏறினேன். ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைத்தது. அன்று மதியம் வரை எனக்கு எந்த வேலையும் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.